ஏழு நிமிஷம்

ஏழு நிமிஷம் ஓடும்.
பிறகு ஒரு விக்கல்,
மீன்முள் சிக்கின தொண்டைபோல
இரண்டு இருமல்.
நின்றுவிடும்.

கோட்டைக்குப் போகும் வழியில், டச்சுக் குடாவைப் பார்த்தபடி
திணைக்களத்துச் சேர்க்கிட் பங்களா.
வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து செயலாளர் வருகிறாராம்.
புல்லு முழங்கால் மட்டும் நிற்கிறது.
என் நியமனக் கடிதத்தில் இருப்பது
பதில் தோட்ட உதவியாளர்.
மெசின் பற்றி ஒரு வரி இல்லை.

முதலில் பிளக்.
கழற்றினால், நுனி முழுக்கக் கரி.
அரத்தாளால் தேய்த்தேன்,
மனம் கேளாமல் புதிசும் வாங்கிப் போட்டேன்.
என் காசு. பில் வைத்திருக்கிறேன்,
ஒருவரும் கேட்கவில்லை.
ஏழு நிமிஷம்.

பிறகு எயார் பில்டர்.
தட்டத் தட்டக் கொட்டியது
மூன்று மாதக் கச்சான் காற்று ஏற்றிவைத்த மணல்,
காய்ந்த ஒரு குளவி,
யாருடையதென்று தெரியாத சட்டைப் பொத்தான்.
அது எப்படி உள்ளே போனதென்று
இப்போதும் எனக்கு விளங்கவில்லை.
ஏழு நிமிஷம்.

கிண்ணியாவிலிருந்து றமீஸ் நானா வந்தார்,
படகு எஞ்சினுக்குப் பேர்போன ஆள்.
பழைய பேப்பரை விரித்து
மரண அறிவித்தல்களின்மேல்
காபரேட்டரைத் துண்டு துண்டாகப் பரப்பினார்.
"இது கியூ காலத்துப் பெற்றோல் தங்கச்சி,
போத்தல்ல கிடந்து பிசினாப் போயிருக்கு."
ஊசியால் குத்தினார், வாயால் ஊதினார், துப்பினார்.
பூட்டிக் கயிற்றை இழுக்க, ஒரே இழுவையில் பிடித்தது.
அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.
கோப்பை பாதியில் இருக்க, நின்றது.
பெற்ற பிள்ளை சபையில் பொய் சொன்னதுபோல
மெசினைப் பார்த்தார்.
கூலி வேண்டாம் என்றார்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதில் உடைந்த பக்கத்தால் மான்கள் வந்தன.
ஒன்பது, கூட ஒரு குட்டி.
அடடா, கயிறு இழுக்கத் தேவையில்லாத மெசின்கள் என்று
ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.
அவை புல்லைத் தாண்டிப் போய்
குப்பை வாளிக்குள் தலையை விட்டு
லஞ்ச் ஷீட் தேடின.

மேற்பார்வையாளர் நிஷங்க வெளியே வந்தார்.
அளந்து பேசும் தமிழ் அவருடையது:
"பெற்றோல் எழுதுறது இரண்டு லீற்றர்.
மெசின் குடிக்கிறது எவ்வளவு? நீங்க சொல்லுங்க."
சொல்லவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன்.
தாங்கி நிறைய இருந்தது.
மூடி, இழுத்தேன். பிடித்தது.
ஏழு நிமிஷம்.
மறுபடியும் திற என்றார்,
மறுபடியும் நிறைய, மறுபடியும் பிடித்தது.
மூன்றாம் தரம் திறக்கும்போதுதான் கேட்டது
ஒரு சின்ன "ஸ்ஸ்".
பெருமூச்சு இல்லை; அது உள்ளே இழுத்த மூச்சு.

கள்ளி இல்லை என்று நான் காட்டும் ஒவ்வொரு தரமும்
இது ஓடுகிறது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
இந்த மெசினுடைய மூடியே இல்லை.
பழையது தொலைந்த மாரியில் யாரோ
தண்ணிப் பம்பின் மூடியை எடுத்து,
சைக்கிள் டியூப் வெட்டி வாசர் போட்டு,
சொட்டும் கசியாமல் இறுக்கியிருந்தார்கள்.
நல்ல கைவேலை. குறை சொல்ல முடியாது.
பெற்றோல் இறங்க இறங்க
உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை,
அவ்வளவுதான்.

மூடியைத் தூரக் கொண்டுபோய்
சைக்கிள் கம்பியைக் கல்லில் தீட்டி
நடுவில் ஒரு துளை போட்டேன்.
கடுகு போகும், மிளகு போகாது.

எட்டாவது நிமிஷம் ஓடியது.
பிறகு நேரம் பார்க்கவில்லை.
தேமா மரத்தடி, கொடிக்கம்பத்தைச் சுற்றி,
கடல் பக்கச் சரிவு வரைக்கும் வெட்டினேன்.
சரிவில் மெசின் சாயும்போது
துளையால் இரண்டு துளி தெறித்து
என் செருப்பில் விழுந்தது.

நிஷங்க பதிவுப் புத்தகத்தில் எழுதினார்:
பிளக் மாற்றப்பட்டது.
துளைக்கு அதில் நிரல் இல்லை.
கையெழுத்துப் போடக் குனிந்தபோது
மூக்கைச் சுருக்கி
என் காலைப் பார்த்தார்.
"பெற்றோல் மணக்குது" என்றார்.